கொய்யாமிட்டா மண்டலத்து இத்தாலியர்கள்

அக்டோபர் மாதம் மூன்றாம் தேதி, ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொய்யாமிட்டா மண்டல ஆபீசுக்கு ஒரு சர்க்குலர் வந்து சேர்ந்தது.

"இத்தாலியிலிருந்து குடியேறியவர்களும் அவர்தம் வம்சாவளியினரும் இப்பகுதிக்கு ஆற்றிய அரும்பணிகளை எல்லா மண்டலங்களும் சிறப்புறக் கொண்டாட வேண்டியது. வம்சாவளியினரின் மனுக்களை அன்றைக்கே தீர்த்துவைக்க வேண்டியது. 'எங்களிடம் அப்படி யாரும் இல்லை' என்ற பதில் ஏற்கப்பட மாட்டாது."

மேலே எங்கேயோ ஒரு புண்ணியவான், வெளிநாட்டு நகராட்சி ஒன்றின் விழாப் பட்டியலை நெட்டிலிருந்து அப்படியே இறக்கி அனுப்பியிருந்தார். அதில் ஏழு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் படித்திருந்தாலும் அது வெறும் தப்பாகப் போயிருக்கும். ஏழு பேரும் படிக்காததால் சட்டமாகிவிட்டது.

அந்த நேரத்தில் நளினி ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். இது பதினோராவது தடவை. திருப்பதியில் நர்ஸிங் சீட் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் 'உள்ளூர்வாசி' சர்டிபிகேட் கொடுக்காவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். பிறந்தது, வளர்ந்தது, பல் விழுந்தது எல்லாம் இதே மண்டலத்தில்தான். ஆனால் வீட்டில் தமிழ் பேசினார்கள். அதுதான் சிக்கல்.

"தமிழ் பேசறவங்க தமிழ்நாட்டுலருந்துதான்மா வந்திருக்கணும்," என்றார் கிராம வருவாய் அதிகாரி வேணு. அவருக்கு எல்லாச் சொல்லும் மூக்கு வழியாகத்தான் வரும்.

"எப்ப சார் வந்தோம்?"

"அத நீதான் சொல்லணும்."

"எங்க தாத்தாவோட நைனாவே இங்கதான் சார் தறி நெய்ஞ்சிக்கினு இருந்தாரு. பார்டர்தான் சார் அப்பறமா வந்துச்சு."

"பார்டர் லோக்கல்மா. அதுக்கு கெஜட் இருக்கு. உனக்கு இன்னா இருக்கு?"

வேணு ஜன்னல் கதவைப் பாதி சாத்தினார்.

"தமிழ்நாட்டுலருந்து, 'இந்தப் பொண்ணு எங்க ஊர்க்காரி இல்ல'ன்னு ஒரு லெட்டர் வாங்கியா. ரேப்பு ரா." நாளைக்கு வா என்பதைத் தெலுங்கில் சொன்னால்தான் வேணுவுக்கு அரசாங்கத்தின் வாயால் சொன்ன திருப்தி.

அன்றைக்கு நளினி உடனே நகரவில்லை. உள்ளே தாசில்தார் ஹரிபாபு சர்க்குலரைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டு வேணுவைக் கூப்பிட்டார்.

"இத்தாலிக்காரங்க மாவை நூல் நூலாப் புழிஞ்சி சாப்புடுவாங்களாமே. நம்ம மண்டலத்துல யாருய்யா அப்படி?"

"பஸ் ஸ்டாண்டு எதிர்ல ரத்னம்மா சார், வெளிய நிக்கற நளினியோட அம்மா. தெனம் காலையில அதான் செய்யுது. இடியாப்பம்."

"வெளியூர்லருந்து வந்த குடும்பமா?"

"தமிழ்நாடுன்னு நாமளே பதினோரு தடவ சொல்லியிருக்கோம் சார்."

"தமிழ்நாட்டுக்கு எங்கருந்து வந்தாங்க?"

வேணு ஆழ்ந்து யோசித்தார். "அதுக்கு ரெக்கார்டு இல்ல சார்."

"ரெக்கார்டு இல்லன்னா மறுக்க முடியாது," என்று தீர்ப்பளித்தார் ஹரிபாபு.

ஒன்பதே நிமிடம். மூன்று மாதமாகக் கெட்டுப்போய்க் கிடந்த பிரிண்டர் தானாக எழுந்து உட்கார்ந்து ஒரு தாளைத் துப்பியது. ரத்னம்மாவின் கணவரும் நளினியின் நைனாவுமாகிய விசைத்தறி நாகேந்திரன் அன்று மதியம் முதல் இத்தாலிய வம்சாவளி ஆனார்.

"ஒரு நாள் மேடையில உக்காரு. பொண்ணு சர்டிபிகேட்டு தானா வரும்," என்று ஹரிபாபு வாக்குக் கொடுத்திருந்தார். நாகேந்திரன் புதுச் சட்டை எடுத்துக்கொண்டார்.

செய்தி பரவியது. இத்தாலியர் மனுவை அன்றைக்கே தீர்க்க வேண்டுமாமே! மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. பட்டாவுக்கு ஆறு வருஷம் நடந்தவர், குழாய் இணைப்புக்கு நடந்தவர், செத்துப்போனதாகப் பதிவாகி உயிரோடு நடந்தவர், எல்லோருக்கும் திடீரென்று பூர்வீகம் நினைவுக்கு வந்தது.

"கைய ஆட்டாம எனக்குப் பேசவே வராது சார்."

"சரி, இத்தாலி. அடுத்து?"

"நான் கிரானைட்டு பாலிஷ் போடறவன் சார்."

"பளபளன்னு இருக்குமா? இத்தாலி."

"எங்க வீட்டுக் கல்யாணத்துல சாம்பாருக்கே சண்ட நடக்கும் சார்."

"சுத்த இத்தாலி!"

மோகம் ஆபீசோடு நிற்கவில்லை. சலூனில் இத்தாலி கட்டிங், தையற்கடையில் ரோம் கழுத்து ஜாக்கெட். தறிகளில் இத்தாலிக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பில் பார்டர் போட்டுச் சேலைகள் ஓடின. இத்தாலிய ஊழியரை வேறு ஊருக்கு டிரான்ஸ்பர் செய்யக் கூடாதாம் என்று யாரோ கிளப்பிவிட, ஹரிபாபு தன் சர்டிபிகேட்டில் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டார். வேணுவுக்கும் ஒன்று.

புதன்கிழமை நளினி போய் நின்றாள்.

"உங்க நைனா இத்தாலி. இத்தாலிக்காரர் பொண்ணு எப்படிம்மா லோக்கலாவும்?" என்றார் வேணு.

"நீங்கதான சார் ஆக்குனீங்க!"

"ஆக்குனது ஆபீசு. நான் வேணு."

"அப்ப எனக்கும் இத்தாலின்னே குடுத்துடுங்க."

"காலேஜுல அந்தக் கோட்டா இல்லியேம்மா. ரேப்பு ரா."

அந்த ரேப்பு, வியாழக்கிழமை, விழாவாக விடிந்தது. திருப்பதியில் அலிபிரி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் கொய்யாமிட்டா மண்டலமே கூடியிருந்தது. மேலிடத்திலிருந்து வந்த சிறப்பு அதிகாரி ஸ்வர்ணலதா மைக்கைப் பிடித்தார். "அஞ்சு மணிக்குள்ள ஒரே ஒரு போட்டோ ஆப்ல ஏறணும். உள்ளூர்வாசி ஒருத்தர் இத்தாலியருக்குப் பொன்னாடை போத்தற மாதிரி. உள்ளூர்வாசி யாராவது வாங்க."

ஆளாளுக்குப் பையிலிருந்த இத்தாலி சர்டிபிகேட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒருத்தர் கூடவா இல்ல? ஹரிபாபு, நீங்க?"

"நான் இத்தாலி, மேடம்."

"வேணு?"

"எங்க வீட்ல எல்லாருமே, மேடம்."

மணி நாலே முக்கால். பின்வரிசையிலிருந்து நளினி எழுந்து மேடைக்கு நடந்தாள்.

"எனக்குத்தான் மேடம் எந்த ஊர்க்காரின்னும் பேப்பர் இல்ல. தமிழ்நாடு இல்ல, இத்தாலி இல்ல. சார் இப்பவே கையெழுத்துப் போட்டா, நான் லோக்கல்."

"போடுய்யா!" என்று சீறினார் ஸ்வர்ணலதா.

ஹரிபாபு அவள் நீட்டிய படிவத்தைப் பொன்னாடை டப்பாவின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். நளினி தன் நைனாவுக்குப் பொன்னாடை போர்த்தினாள். போட்டோ நாலு ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. வெள்ளிக்கிழமை சர்டிபிகேட் காலேஜ் போய்ச் சேர்ந்தது. சீட் நிலைத்தது.

சனிக்கிழமை இரண்டாவது சர்க்குலர் வந்தது.

"முந்தைய சர்க்குலர் தவறுதலாக அனுப்பப்பட்டது. இருப்பினும், தங்களை இத்தாலியர் என்று எழுதிக் கொடுத்தோர் அனைவரும் திங்கட்கிழமை ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு வந்து விசாவைக் காட்ட வேண்டியது. உள்ளூர்வாசி ஒருவரின் சாட்சிக் கையெழுத்து இருந்தால் விலக்கு அளிக்கப்படும்."

மண்டலத்தில் உள்ளூர்வாசி ஒரே ஒருத்தி.

பத்து மணிக்குள் நளினி வீட்டு ஜன்னலிலிருந்து வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. உள்ளே அவள் ஒரு மேசை போட்டு, குரலை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் ஹரிபாபு, அவர் முதுகை ஒட்டி வேணு.

"இத்தாலிலருந்து, 'இவர் எங்க ஊர்க்காரர் இல்ல'ன்னு ஒரு லெட்டர் வாங்கியாங்க சார்."

"அம்மா, இத்தாலி எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதும்மா!"

"நீங்க அங்கருந்து வரலைன்னு ரெக்கார்டு இருக்குதா? ரெக்கார்டு இல்லன்னா மறுக்க முடியாது சார். ரேப்பு ரண்டி."

வேணு தன் குரலை முதன்முறையாக வெளியிலிருந்து கேட்டார். அவருக்கே பிடிக்கவில்லை.

வரிசையைத் தள்ளிக்கொண்டு நாகேந்திரன் வந்தார். தோளில் இன்னும் அதே பொன்னாடை.

"கண்ணு, கதவத் தொற. எடுத்தாந்த இடியாப்பம் ஆறிக்கினு இருக்குது. நான் உன் நைனா."

"அது தெரியும். வரிசையில வா நைனா."

"யம்மா, இது என் வூடு!"

நளினி தலையை நிமிர்த்தவேயில்லை.

"வூடு லோக்கல் நைனா. அதுக்குப் பட்டா இருக்கு. உனக்கு இன்னா இருக்கு?"