கொத்தனாரை அழைத்து வாருங்கள்

ஏற்காடு
26.5.1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் சூளையும் நலம். திங்கட்கிழமை நீங்கள் வந்த பிறகு என் நலத்தை மட்டும் விசாரித்தால் போதும். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் போட்ட நிபந்தனையை நான் மறக்கவில்லை. "இந்த ஊர்ல ஒருத்தராச்சும் ஊடு தேடி வந்து உன்ற பானை வேணும்னு கேக்கட்டும், நான் சூளையத் தொட மாட்டேன். இல்லீன்னா மே மாசக் கடைசில கொத்தனாரோட வருவேன். கொட்டகைய ரெண்டு ரூமாக்கி டூரிஸ்ட்டுக்கு உட்டரலாம்" என்றீர்கள். மே மாதம் முடியப் போகிறது. ஒருவரும் வரவில்லை. கொத்தனாரை அழைத்து வாருங்கள்.

பரோடாவில் ஐந்து வருஷம் மண்பாண்டக் கலை படித்தேன். சென்னையில் இருந்தவரை நாடகங்களுக்கு அரண்மனை, சிறைச்சாலை, ரயில் நிலையம் எல்லாம் மேடையில் எழுப்பினேன். பார்த்தவர்கள் நடிகர்களின் கையைக் குலுக்கிவிட்டு, என்னிடம் பந்தல் யார் போட்டது என்று கேட்டார்கள். மண்ணாவது பேசாமல் இருக்கும் என்று இங்கே வந்து சூளை கட்டினேன். என் ஜாடிகளைச் சென்னைக் கடைக்காரர் ஒருவர் வாங்குகிறார். ஊரார் பூந்தொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் போய்விடுகிறார்கள். இந்த வாழ்க்கையை இப்படியே ஓட்டியிருப்பேன். நீங்கள்தான் உங்கள் நண்பர் தங்கராஜை அனுப்பினீர்கள்.

"பானையும் நீங்களே, மேடையும் நீங்களேன்னு உங்க அண்ணன் சொன்னாருங்க. ரெண்டுக்கும் ஒரே ஆள்னா எனக்கு அலைச்சல் மிச்சமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சேலத்தில் அவர் நடத்தும் குழு, இங்குள்ள மனமகிழ் மன்றத்து ஆண்டு விழாவில் நாடகம் போடுகிறதாம். கடைசிக் காட்சியில் மகன் கொள்ளிக்குடத்தோடு தகப்பனைச் சுற்றி வருவான், சுற்றுக்கு ஒன்றாக மூன்று ஓட்டை போடுவார்கள், பிறகு குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைப்பான், விளக்கு அணையும். சந்தைக் குடம் முதல் ஓட்டையிலேயே விரிந்து மகனைக் குளிப்பாட்டிவிடுகிறதாம். "மூணு ஓட்டைக்குத் தாங்கோணுமுங்க. நாலாவதா போட்டா ஒடஞ்சரோணுமுங்க" என்றார். இவர் நீங்கள் அனுப்பிய ஆள், நிபந்தனையில் சேர மாட்டார் என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டேன். ஊர் முழுவதும் பார்க்குமே என்ற நப்பாசை.

ஓட்டைகளைச் சுடும் முன்னாலேயே போட்டுவிட்டு, வெந்த பிறகு மெழுகால் அடைப்பதாகத் திட்டம். அதுவரை சரி. ஆனால் அந்த வாரம் சூளையில் சென்னைக் கடைக்கான காப்பிக் கோப்பைகளும் இருந்தன. பாதிச் சூட்டில் நிறுத்தினால் கோப்பை வேகாது, முழுச் சூடு ஏற்றினால் குடம் கல்லாகிவிடும். மேடை கட்டுகிறவளாக நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் பானை செய்கிறவள் விடவில்லை. அரைவேக்காட்டுப் பாண்டம் ஒன்று என் கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது என்றாள். முழுச் சூடு ஏற்றினேன். ஏற்றிய வேகத்தில் கோப்பைகள் அத்தனையும் விரிசல் விட்டன. குடத்தைத் தட்டினால் மட்டும் வெண்கலம் மாதிரி கணீரென்றது.

மைதானம் சரிவு, மேடையைச் சமன் செய்யுங்கள் என்று தங்கராஜிடம் கெஞ்சினேன். "ஒரு செங்கல் வெச்சா சரியாப் போயிருமுங்க" என்றார். அந்த ஒரு செங்கலையும் யாரும் வைக்கவில்லை. மகனாக நடித்தவரும் தங்கராஜ்தான். மூன்று சுற்று வந்தார், மூன்று ஓட்டையிலும் தண்ணீர் அழகாகக் கொட்டியது, ஜனம் மூக்கைச் சிந்தியது. குடத்தைப் போட்டார். அது "டங்" என்று பலகையில் உட்கார்ந்துகொண்டது. விளக்குக்காரர் கிறிஸ்துதாஸிடம் உடைகிற சத்தம் கேட்டதும் அணை என்று சொல்லி வைத்திருந்தார்கள், அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அத்தனை வெளிச்சத்தில் பிணமாகப் படுத்திருந்த செல்லப்பன் ஒரு கண்ணைத் திறந்து, "இன்னொருக்கா போடுங்கண்ணே, கொசு கடிக்குது" என்றார். இன்னொருமுறை போட்டார். குடம் குதித்து, உருண்டு, மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினரின் காலடியில் போய் நின்றது. அவர் நினைவுப் பரிசு என்று நினைத்து எழுந்து, இரண்டு கையாலும் எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். மிச்சமிருந்த தண்ணீர் அவர் வேட்டியில் இறங்கியது. ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. அவருடைய மனைவி மட்டும், "ஐயோ, அது கொள்ளிக்கொடம், கீழ போடுங்க!" என்று அலறினார். அவர் பதறிப்போய்க் கீழே போட்டார். அப்போதும் உடையவில்லை.

மறுநாள் அதை யாரோ என் கேட் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தங்கராஜ் கண்கலங்கிச் சொன்னார்: "சேலத்துல எல்லாரையும் அழ வெச்ச சீனுங்க."

ஆகவே, உங்கள் விருப்பப்படியே செய்யுங்கள். உடைய வேண்டியது உடையவில்லை, உடையக் கூடாதது எல்லாம் உடைந்தது. இரண்டு தொழிலும் எனக்குப் போதும். அறைகளுக்கு ஜன்னல் கிழக்கே இருக்கட்டும். அண்ணிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், அவர்கள் வேறு ஏதாவது படிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை அமுதா

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது கேட் சத்தம் கேட்டது. நம் ஏற்காட்டுக் கொட்டச்சேட்டிலிருந்து மாதம்மாள் என்று ஒரு பெண்; நான் முன்பின் பார்த்தவள் அல்ல. "ஏனுங்கக்கா, அந்தக் கொடம் நீங்க செஞ்சதுங்களா? நாடகத்துல பாத்தனுங்க. எங்க மாமியாளுக்குக் கோவம் வந்தா தண்ணிக் கொடத்தத் தூக்கி வாசல்ல போட்டு ஒடைக்கறாங்க. இந்த வருசத்துல ஏழு போயிருச்சு. இதப் போட்டு ஒடைக்கட்டும், பாக்கலாம்" என்றாள். அது சாவுக் குடம் அம்மா என்றேன். "செத்தவருதான் எந்திரிச்சுப் போயி பஸ் ஸ்டேண்டுல டீ குடிச்சாருங்களே" என்றாள். அவளுக்கு இரண்டு வேண்டுமாம். ஒன்று அவளுடைய அக்காளுக்கு, அவளுக்கும் மாமியார் உண்டாம். ஓட்டை மட்டும் வேண்டாமாம்.

நிபந்தனை உங்களுடையது, நான் போட்டதல்ல. கொத்தனாரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சூளை வாயில் இரண்டு செங்கல் பெயர்ந்திருக்கிறது, பூசிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.