மவுஸைப் பையில் வைத்திருப்பவர்

அலுவலகத்துக்கு இருவர், அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கட்டாயம் ஒருவர் என்று எங்கும் பரவியிருக்கும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். 'அதைத் தொடாதே' இனம். ஓடிக்கொண்டிருக்கும் எதையும் மாற்றக் கூடாது என்பது இவர்கள் கொள்கை. ஓடாவிட்டாலும் மாற்றக் கூடாது என்பது உபகொள்கை.

ஒரு குடியிருப்பின் செயலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் கேமராவின் படங்களைச் சேமிக்கும் ரெக்கார்டருக்கு வயது பதினான்கு. அந்தப் படத்தைக் கணினியில் பார்க்க, பிரவுசருக்குள் பிளகின் என்றொரு குட்டி மென்பொருளை ஒட்டவைக்க வேண்டும். புதிய பிரவுசர்கள் அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே அதற்கென்றே ஒரு கிழட்டுக் கணினியைக் குடியிருப்போர் சங்க அறையில் வைத்து, இணையத்தைத் துண்டித்து, 'அப்டேட் செய்யாதீர்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டி, அதுவும் போதாதென்று மவுஸைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போவார் செயலாளர்.

"புது ரெக்கார்டர் வாங்கிடலாமே?" என்று யாராவது வாயைத் திறந்தால் தீர்ந்தது.

"இப்ப வர்றதெல்லாம் அட்டைப் பெட்டிங்க. இது இரும்பு."

இரும்புதான். அதில் படம் தெரிகிறதா என்று பல வருடங்களாக யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை, மூன்றாம் மாடி டெய்லர் அக்காவின் தையல் மெஷினுக்கு வந்த மோட்டார் பார்சல் காணாமல் போனது. கொண்டுவந்தவர் வாட்ச்மேன் நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாட்ச்மேன் அப்போது தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போயிருந்தார். சந்தேகம் யார் மேல் விழும்? ஞாயிறு சங்கக் கூட்டத்துக்குள், தான் எடுக்கவில்லை என்று நிரூபிக்காவிட்டால் அவருக்கு வேலை இல்லை என்று முடிவானது. அந்த ரெக்கார்டரோ ஏழு நாள் படத்தைத்தான் வைத்திருக்கும், பிறகு தானே அழித்துவிடும்.

"கேமராவைப் பாருங்க சார். அது போதும் எனக்கு" என்றார் வாட்ச்மேன்.

செயலாளர் மவுஸோடு அமர்ந்தார். பிளகின் வேண்டும் என்றது திரை. நிறுவினார். பிரவுசரை மூடித் திறக்கச் சொன்னது. மூடித் திறந்தார். பிளகின் வேண்டும் என்றது. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார், அறையிலிருந்த எல்லோரையும் வெளியே அனுப்பிப் பார்த்தார், கடவுச்சொல்லைத் தன் பிறந்த நாளிலிருந்து மாமனார் பிறந்த நாள் வரை மாற்றிப் போட்டுப் பார்த்தார். கறுப்புச் சதுரம் கறுப்பாகவே இருந்தது.

"யாரோ அப்டேட் பண்ணிட்டாங்க" என்றார். இணையமில்லாத, மவுஸுமில்லாத கணினியை.

வியாழனன்று வாட்ச்மேன் மெல்லச் சொன்னார்: "மானிட்டர் வயரைக் கழட்டி ரெக்கார்டர் பின்னாடி செருகினா நேராவே தெரியுமாம் சார். கேமரா மாட்ட வந்தவரே அன்னைக்குச் சொன்னாரு."

"ஏம்ப்பா, அது முறையில்ல. அதைத் தொடாதே."

ஞாயிறு வந்தது. பத்தொன்பதாவது முறையாகப் பிளகின் நிறுவப்பட்டுக்கொண்டிருந்தது. டெய்லர் அக்காவுக்கே பொறுக்கவில்லை. "நீங்க செருகுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றார். வாட்ச்மேன் வயரையும் மவுஸையும் ரெக்கார்டருக்கு மாற்றிச் செருகினார். இரண்டே நிமிடம். திங்கட்கிழமை வாசல் பளிச்சென்று தெரிந்தது.

காலி நாற்காலி. பார்சல். தூறல். அப்புறம் செயலாளர்.

நனையாமல் இருக்கட்டுமே என்ற நல்ல மனசோடு அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு சங்க அறைக்குள் நுழைகிறார். எல்லோருடைய பார்வையும் திரையிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. கழுத்து வலிக்காமல் பார்க்க, எங்கிருந்து வந்ததென்றே மறந்து, செயலாளர் மானிட்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த அட்டைப் பெட்டியில், டெய்லர் அக்காவின் கதவு எண் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு வாரமாக அவர் அதன் முகத்தில்தான் விழித்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் ரெக்கார்டரைத் தட்டிக்கொடுத்தார். "நான்தான் சொன்னேனே, ரெக்கார்டர் இரும்புன்னு."

வாட்ச்மேனுக்குக் கண் கலங்கியிருந்தது. ஒரு மன்னிப்புக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. "பெட்டியை எடுத்தா மானிட்டர் இறங்கிடும் சார். சங்கத்து விதிமுறைப் புத்தகத்தை வைக்கட்டுமா?" என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை போன் அப்டேட் கேட்டபோது 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தியது யார்? உங்கள் வீட்டில் நீங்கள் மட்டுமே தொடக்கூடிய அந்தப் பழைய பெட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, பிறகு சிரியுங்கள்.