காற்றாடி சுற்றும்வரை காத்திருந்த கேற்றுகள்

நம்மிடையே ஓர் இனம் உலாவுகிறது. சட்டத்தை மீறுகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்களை உங்களுக்குத் தெரியும், வீதியில் கண்டால் வணக்கமும் சொல்கிறீர்கள். நான் சொல்வது, சட்டம் தன் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே வாசலில் போய் நின்று அதை வரவேற்கிறவரை. அடையாள அட்டையைக் கேட்டால் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து நீட்டுகிறவர், பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் ஞானஸ்நானப் பத்திரத்தையும் விவாகப் பதிவையும் தகப்பனாரின் மரணச் சான்றிதழையும் மும்மூன்று பிரதிகளாக மேசையில் பரப்புகிறவர், ஒன்றுமே கேட்காவிட்டால் கலங்கிப்போகிறவர். முந்திப் பணிபவர் என்று இவரை அழைக்கலாம்.

மன்னார்த் தீவில் இந்த இனத்தின் குறையற்ற மாதிரி ரொபின்சன்.

போருக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்களில் அவர் வேலை செய்தார். நிறுவனங்கள் போய்விட்டன. சொற்கள் அவரிடம் தங்கிவிட்டன. கொழும்பு ஹோட்டல்களில் நடந்த பயிற்சிப் பட்டறைகளில் கழுத்தில் மாட்டிவிட்ட பெயரட்டைப் பட்டி ஒன்று இன்னும் அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியில் தொங்குகிறது. தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று கேட்ட வீட்டுக்காரிக்கு இரத்தப் பரிசோதனை முடிவை எடுத்துக் காட்டியவர். எதற்கும் அவர் சொல்லும் வசனம் ஒன்றுதான்: “இப்ப கேக்க மாட்டினம். கேக்கேக்க எங்களிட்ட இருக்கோணும்.”

ஆலோசனைக்கு இவர் காசு வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் ஆட்கள் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். அங்கே ஒரு விதி இருக்கிறது. வெளியிலிருந்து இரும்பு, அலுமினியம், சீமெந்து, உரம் போன்றவற்றை இறக்குகிறவர், அவற்றைச் செய்யும்போது எவ்வளவு காபன் காற்றில் கலந்தது என்று கணக்குச் சொல்ல வேண்டும்; அதற்கேற்பக் கட்டணமும் கட்ட வேண்டும். நல்ல விதிதான். கடல் ஏறி வந்தால் முதலில் நனைவது எங்கள் தீவு. அதனால் அந்த விதியை நான் கேலி செய்யப்போவதில்லை. அதைப் பேசாலைக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டிலில் அமுல்படுத்தியவரோடுதான் எனக்குப் பேச்சு.

கொட்டில் வலன்ரைனுடையது. தமிழ்நாட்டு அகதி முகாமில் வெல்டிங் பழகி, திரும்பி வந்து, தலைமன்னார் வீதியில் பட்டறை போட்டவர். மனைவி ஜெனிஸ்ராவின் ஒன்றுவிட்ட தங்கை பிரேமினி பிரான்சில் வீட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறாள். வாசலுக்குப் போடும், பூவேலை செய்த இரும்புக் கேற்றுகள் ஒரு டசின் வேண்டும் என்று சொல்லியிருந்தாள். சித்திரைக் கடைசியில் கப்பலேறும் கொள்கலன் ஒன்றில் இடமும் பிடித்திருந்தாள். இது சரிவந்தால் வருடம் முழுக்க வேலை. வெளிநாட்டிலிருந்து அந்தப் பட்டறைக்கு வந்த முதல் வேலை இதுதான். வலன்ரைன் உள்ளூர் வேலைகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு இரும்பு இறக்கினார்.

மாசி கடைசியில் பிரேமினியின் குரல் கைபேசியில் வந்தது.

“அத்தான், கேற் படம் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. மொத்தமா எவ்வளவு பாரம் வருமெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. இஞ்ச இரும்பு இறக்கிறதுக்குக் காபன் சட்டம் ஒண்டு இருக்கு, அதுக்குத்தான் கேக்கிறன்.”

ஒரு கேள்வி. பதில் ஓர் எண். வலன்ரைன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, உடைந்த மோட்டார் சைக்கிள் ஸ்ராண்டை ஒட்டுவிக்க வந்த ரொபின்சன் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

“பொறும் தம்பி. எடுத்தவுடனே பாரம் சொல்லுறதோ?”

“வேற என்ன சேர் சொல்லுறது? அவ அதைத்தானே கேட்டவ.”

“இண்டைக்கு அவ கேக்கிறா. நாளைக்கு ஐரோப்பா கேக்கும்.”

வலன்ரைன் வாயை மூடிக்கொண்டார். ஏன் என்று கேட்கிறீர்களா? இருபத்தைந்து வருடம் முகாமில் வரிசையில் நின்று தலையெண்ணிக்கை கொடுத்த மனிதர். பெயர் கூப்பிடும்போது அங்கே இல்லாவிட்டால் அரிசி இல்லை. அப்படிப்பட்டவரிடம் ஒரு கண்டமே கேட்கப்போகிறது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

ரொபின்சன் வேலையைத் தொடங்கினார்.

முதலில் எல்லை. “எங்கட தொழிலகத்தின்ர எல்லை எது? அதுக்குள்ள வாற புகை எல்லாம் எங்கட புகை.” சுண்ணாம்பால் கொட்டிலைச் சுற்றி ஒரு கோடு போட்டார்கள். ஜெனிஸ்ராவின் அடுப்பு கோட்டுக்குள் அகப்பட்டது.

“அப்ப நான் எங்க நிண்டு சோறு காய்ச்சிறது?”

“கோட்டுக்கு அங்கால, தங்கச்சி.”

“கோட்டுக்கு அங்கால றோட்டு, சேர்.”

அன்றிலிருந்து அவள் பக்கத்து வீட்டில் சமைத்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தாள். அந்தச் சுண்ணாம்புக் கோட்டை மதிக்காதவை, தீவில் அவிழ்ந்து திரியும் கழுதைகள் மட்டும்தான். மத்தியானம் கொட்டில் நிழலில் வந்து நிற்பது அவற்றின் வழக்கம். ரொபின்சன் அவற்றை நெடுநேரம் பார்த்தார். “இதுகள் விட்டை போடுது. விட்டையில வாயு வரும். யாற்ற கணக்கில போடுறது?” கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லை என்று வலன்ரைன் சொன்னார். “சொந்தமில்லை எண்டதை எழுத்தில எடுக்கோணும்,” என்றார் ரொபின்சன். கழுதைகளின் அநாதை நிலைக்கு யாரிடம் கடிதம் வாங்குவது என்று இரண்டு பேரும் ஒரு பின்னேரம் முழுக்க யோசித்தார்கள்.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் அவருடைய மேதைமை துலங்கியது. தீவின் தென்கரை நெடுகிலும் காற்றாலைகள் நிற்கின்றன. கொட்டிலிலிருந்து பார்த்தாலே தெரியும்.

“காத்தில வாற கரண்டில இரும்பு ஒட்டினால் காபன் இல்லை. ஆனபடியால் காத்தாடி சுத்தேக்க மட்டும் ஒட்டும்.”

“கம்பியில வாறது எந்தக் கரண்ட் எண்டு எனக்கு என்னண்டு சேர் தெரியும்?”

“அதுதான் சொல்லுறன். பாத்து ஒட்டும்.”

காற்றில் பிறந்ததும் நிலக்கரியில் பிறந்ததும் அணைக்கட்டில் பிறந்ததும் ஒரே கம்பியில் கலந்துதான் வீட்டுக்கு வருகின்றன என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் ரொபின்சன் கேட்டிருக்க மாட்டார். வலன்ரைன் ஒட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஜெனிஸ்ரா தண்ணீர்த் தாங்கியில் ஏறிப் பார்ப்பாள்.

“சுத்துதோ?”

“ஒண்டு சுத்துது. மற்றது நிக்குது.”

“எது சுத்துது?”

“கிட்ட நிக்கிறது. சுத்துதெண்டும் சொல்லேலாது. யோசிக்குது.”

வலன்ரைன் ரொபின்சனுக்குப் போன் எடுத்துக் கேட்டார். “அப்பிடியெண்டால் அரைவாசி ஒட்டும்,” என்று பதில் வந்தது.

பங்குனியில் எங்கள் தீவில் காற்று எப்படி என்று நீங்கள் அறிய வேண்டும். வடக்கிலிருந்து வரும் வாடை ஓய்ந்துவிடும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் பிறக்க நாள் கிடக்கும். இரண்டுக்கும் இடையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் படுத்திருக்கும். காற்றாடிகள் கை விரித்தபடி நின்றன. கொட்டிலில் இரும்பு கிடந்தது. வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள்: “என்ன வலன்ரைன், காத்து இண்டைக்கும் வேலைக்கு வரேல்லையோ?”

“நீங்கள் சிரியுங்கோ,” என்றார் வலன்ரைன். “நாங்கள் விதிப்படி செய்யிறம்.”

இதற்கிடையில் பிரான்சுக்குத் தகவல் போகாமல் இல்லை. சுண்ணாம்புக் கோட்டின் வரைபடம் போனது. நிற்கும் காற்றாடியின் படம் ஒன்றும் சுற்றும் காற்றாடியின் படம் ஒன்றும் போயின. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. கழுதைகள் தனக்குச் சொந்தமில்லை என்று வலன்ரைன் எழுதிய உறுதிமொழி போனது. பிரேமினி எழுதினாள்: “எல்லாம் வடிவா இருக்கு அத்தான். பாரம்?”

“பாரம் கடைசியாச் சொல்லுற விசயம்,” என்றார் ரொபின்சன். “பெயின்ற் அடிச்சால் கூடும். துரு பிடிச்சாலும் கூடும். மாறக்கூடிய எண்ணை எழுத்தில குடுக்கப்படாது.”

சித்திரை பிறந்து சில நாளில் பிரேமினி நேரே அழைத்தாள். ஜெனிஸ்ரா போனைச் சத்தமாகப் போட்டுப் பட்டடைக் கல்லின் மேல் வைத்தாள். ரொபின்சனும் அங்கே இருந்தார்.

“அத்தான், வருசத்துக்கு ஐம்பது தொன்னுக்குக் கீழ இறக்கிற ஆக்களுக்கு அந்தச் சட்டமே இல்லை. நான் இறக்கிற இரும்பெல்லாத்தையும் கூட்டிப் பாக்கத்தான் பாரம் கேட்டனான். உங்கட கேற்றெல்லாம் சேத்து ரெண்டு தொன் வருமோ?”

“வராது,” என்றார் வலன்ரைன்.

“பிறகென்னத்துக்கு அத்தான் கழுதைக்கெல்லாம் சத்தியம் பண்ணினீங்கள்? சட்டத்துக்குள்ள வந்தாலும் இரும்புக்குக் கரண்ட் கணக்குக் கேக்கிறதே இல்லை.”

ரொபின்சன் காற்றாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரேமினியே தொடர்ந்தாள்.

“கேற் எத்தனை முடிஞ்சுது?”

“ஒண்டரை.”

அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. “அத்தான், கோவியாதேங்கோ. நான் போன கிழமையே தீவுக்கு வெளிய நானாட்டானில சுபாஸ்கரனிட்டச் சொல்லிப்போட்டன். ரக்ரருக்கு இழுவைப் பெட்டி அடிக்கிறவர். கேட்டவுடன பாரம் சொன்னவர். பாதி வேலை முடிஞ்சுதாம். கப்பல் எனக்காக நிக்காது.”

ஜெனிஸ்ரா போனை எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்குப் போய்த் தன் சட்டி பானையைத் தூக்கி வந்து கோட்டுக்குள் இருந்த பழைய அடுப்பில் ஏற்றி, தீ மூட்டி, ரொபின்சன் பக்கம் திரும்பினாள்.

“சேர், இப்ப ஐரோப்பா என்ன கேக்குது?”

ரொபின்சன் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள். இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாக அறியவில்லை.

“ஐம்பது தொன் எண்டு இண்டைக்குச் சொல்லுகினம், தங்கச்சி. ஒரு நாளைக்கு ரெண்டு எண்டு சொல்லுவினம். அண்டைக்கு இந்த இலங்கையிலயே தயாரா நிக்கிறது நாங்கள்தான்.”

இதில் பயங்கரமானது ரொபின்சன் சொன்னது அல்ல. வலன்ரைன் தலையை ஆட்டினார். அதுதான்.

வேலை போயிற்று, வருடம் முழுக்க வரவிருந்ததும் போயிற்று. ஆனால் சரியாக நடந்தோம் என்ற நிறைவு அவர் முகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இப்போது வருகிறவர் போகிறவரிடம் அவரே சொல்கிறார்: “சுபாஸ்கரன் காத்தாடி பாக்காமல் ஒட்டுறான். நானாட்டானில நிண்டு பாத்தால் காத்தாடி தெரியவும் தெரியாது. ஒரு நாளைக்குப் பிடிபடுவான், பாருங்கோவன்.”

“பிடிபடேக்க எங்களுக்கும் ஒரு கேற் அடிச்சுத் தாறானோ கேளுங்கோ,” என்று ஜெனிஸ்ரா அடுப்படியிலிருந்து சொன்னாள். “எங்கட வீட்டுக்குத்தான் இன்னும் கேற் இல்லை.”

வைகாசியில் சோளகம் பிறந்தது. எல்லாக் காற்றாடிகளும் இரவு பகலாகச் சுற்றின. கொட்டிலில் ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் இந்தச் சட்டம் அவர்களுக்கு இல்லை என்று பிரேமினி சொன்ன இடத்தில், “இருந்தாலும் ஒரு சின்னக் கணக்கு எழுதி வைத்திருந்தால் நட்டமில்லைத்தானே” என்று உங்களுக்குள்ளே ஒரு குரல் எழுந்ததா?

இல்லை என்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அதோடு நிறுத்தவில்லையே. நீங்கள் அப்படிப்பட்ட ஆள் அல்ல என்பதற்குப் போன வருடம் அரசாங்கக் கந்தோரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லத் தொடங்குகிறீர்கள், அதற்குச் சாட்சியாக உங்கள் மனைவியைக் கூப்பிடுகிறீர்கள், தேதி நினைவில்லாமல் அலுமாரியைத் திறக்கிறீர்கள்.

ஓம், அல்லது இல்லை. நான் கேட்டது அவ்வளவுதான்.