சுவத்துல ஏறின தாய்மாமன்

போன ஞாயித்துக்கெழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. சுவத்துல ஒரு போட்டோ மாட்டணும்.

மச்சான் மடியில எங்க பையனை ஒக்கார வெச்சி, மலைமேல முருகன் கோயில்ல மொதல் மொட்டை போட்டப்போ எடுத்த போட்டோ. மச்சானும் வேண்டுதல்னு கூடவே மொட்டை. ரெண்டு தலையிலயும் சந்தனம்.

"யார் யார் போட்டோவோ மாட்டி வெச்சிக்கிறீங்க. தாய்மாமன் நானு, என்னுது எங்க பாவா?" போன தடவை வந்தப்பவே மச்சான் இந்த அக்கா புருஷனைக் கேட்டான். கேட்டுட்டு, சோறு கூட துன்னாம பொதட்டூர்பேட்டை பஸ் ஏறிட்டான்.

"மத்தியானம் தம்பி வரான். சுவத்துல அவன் போட்டோ இல்லன்னா இனிமே நம்ம வாசப்படி மிதிக்கமாட்டான்"னு கண்ணைக் கசக்கினா வீட்டுக்காரம்மா. "ஆளைக் கூப்புட்டு மாட்டிக்கலாங்க."

"ஒரு ஆணி அடிக்க ஆளா?"ன்னு கேட்டேன். வாய்க்கொழுப்பு!

ஃபிரேம் கடையில கிருத்திகை கூட்டம். பேப்பர் சுத்தி ஒண்ணைக் கையில குடுத்தாரு கடைக்காரர். வீட்ல வந்து பிரிச்சேன். பெரிய மொட்டை ஒண்ணு, சின்ன மொட்டை ஒண்ணு, சந்தனம். சரி, நம்மாளுங்கதான்.

மொத ஆணி வளைஞ்சிது. ரெண்டாவது ஆணிக்கு இட்லி சைஸுல பூச்சு பேந்து வுழுந்துது. கொஞ்சம் மேல அடிச்சேன். ஊத்தப்பம் சைஸுல வுழுந்துது!

"ஏங்க, போட்டோ மாட்டுறீங்களா, வீட்டை இடிக்கிறீங்களா?"

பரணுக்குக் கீழ போயிதான் ஒரு ஆணி நின்னுது. போட்டோவை அங்க மாட்டி, கீழ இருந்த ஓட்டையை காலண்டர் போட்டு மூடினேன். அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது. ஆனா மாட்டியாச்சு!

சிமெண்ட் தூசி தொடைக்க வீட்டுக்காரம்மா ஸ்டூல் மேல ஏறினா. ஏறினவ அப்படியே நின்னுட்டா.

"ஏங்க, நம்ம பையனுக்கு எப்போ பாவாடை கட்டினோம்?"

"அது பட்டு வேட்டி இல்ல?"

"கொலுசு, வளையலு எல்லாம் கீதுங்க! இது யார் வீட்டுப் பொண்ணோ! இவன் எந்தம்பியே இல்ல! மாட்டுறப்போ மூஞ்சியப் பாக்கலையா நீங்க?"

மொட்டையப் பார்த்தேன். மூஞ்சியப் பாக்கல.

எறக்கலாம்னு கை வெக்கறேன், வாசல்ல குரல். "அக்கா!"

ஸ்டூலை சமையல் ரூமுக்குத் தள்ளிட்டு, ரெண்டு பேரும் திருடனுங்க மாதிரி நின்னோம்.

மச்சான் உள்ள வந்தான். சுவத்தைப் பார்த்தான். அண்ணாந்தான்.

திரும்பினான். கண்ணுல தண்ணி!

"பாவா... என்னை இவ்ளோ ஒசரத்துல வெச்சிக்கிறீங்களே பாவா!"

வீட்டுக்காரம்மா என் இடுப்பைக் கிள்ளினா. நான் "ஆங், பின்ன? தாய்மாமன் இல்ல?"ன்னேன்.

"மொட்டையில கூட நான் இவ்ளோ களையா இருக்கேன்னு எனக்கே தெரியாது பாவா."

கீழ நின்னு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சான். ரசம், மோருன்னு ஒண்ணு வுடாம துன்னான். போறப்போ என்னைக் கட்டிப்புடிச்சிட்டுப் போனான்.

மறுநாள் ஃபிரேம் கடைக்காரர் போன் பண்ணாரு. "சார், அரக்கோணத்துல ஒரு வீட்ல உங்க மச்சானை வெச்சிகினு என்னைத் திட்டிகினு கீறாங்க. வந்து மாத்திக்கிறீங்களா?"

ஓடிப்போய் மாத்திகினு வந்தேன். அதே ஆணியில நெஜ மச்சானை மாட்டினேன். அப்பாடா, முருகன் காப்பாத்திட்டான்!

சாயங்காலம் மச்சான் போன். "பாவா, ஸ்டேட்டஸ் பார்த்துட்டு எல்லாரும் சூப்பர்ன்றாங்க. எங்க வீட்ல பெருசா மாட்டணும். அந்தப் போட்டோவை அனுப்புங்க பாவா."

சந்தோஷமா நெஜ போட்டோவையே அனுப்பினேன்.

ஒடனே வாய்ஸ் மெசேஜ் வந்துது. "பாவா, தப்பா அனுப்பிட்டீங்க. இவன் யாரோ மூஞ்சிய உர்ருன்னு வெச்சிகினு கீறான். என்னுதை அனுப்புங்க."

இப்போ அரக்கோணத்துக்காரர் நம்பரைத் தேடிகினு கீறேன். அவங்க வீட்டுத் தாய்மாமன் போட்டோவுல ஒரு காப்பி கேக்கணும்.