வாயை மூடும் வீட்டுப்பாடம்

குண்டூர் நாடு,
கொல்லிமலை.

திருப்பூரில் தையல் எந்திர இரைச்சலுக்கு நடுவிலும் காது கெடாமல் வாழ்ந்துவரும் மதிப்பிற்குரிய மச்சான் இளங்கோ அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் முருகானந்தம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், ருக்குமணி, மிளகுக்கொடி, இரண்டு ஆடு, எல்லோரும் சுகம். உங்கள் மருமகள் ராதிகாவுக்கு மட்டும் மனநலம் பார்க்கிறார்கள். பார்க்கிறவர்கள் பள்ளிக்கூடத்தார், படுகிறவன் நான். போனில் சொல்லலாம்தான். நம் வீட்டு போன் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும், ஸ்பீக்கரில் போட்டால் உங்கள் தங்கைக்கும் கேட்கும்.

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து ராதிகா கேட் வரைக்கும் போகிறாள், திரும்பி வந்துவிடுகிறாள். கேட்டால் வயிற்றுவலி. பள்ளிக்கூட மணி அடித்ததும் வலி நின்றுவிடும், உட்கார்ந்து ஒரு தட்டுக் கிழங்கு சாப்பிடுவாள். அவ்வளவு ஒழுக்கமான வலி. அவளுடைய டீச்சர் அம்சவேணி வீடு தேடி வந்தார். சரி, நாலு அதட்டு அதட்டுவார் என்று பார்த்தால், "பிள்ளை மனசுல என்னமோ இருக்குதுங்கண்ணா. பாடம் அப்புறம் பார்த்துக்கலாம், மொதல்ல மனசு" என்கிறார். நம் காலத்தில் மனசைப் பிரம்பு பார்த்துக்கொண்டது. இப்போது அதற்குக் கூட்டம் போடுகிறார்கள். என்னையும் தரையில் வட்டமாக உட்காரவைத்து, கலர் பென்சில் கொடுத்து, மனசை வரையச் சொன்னார்கள். எனக்கு வரைய வந்தது பலாப்பழம். "ஏனுங்கண்ணா இவ்வளவு முள்ளு?" என்று டீச்சர் கவலையோடு கேட்டார். பலாப்பழம் அப்படித்தான் காய்க்கும் என்றேன். அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு பெற்றோருக்கு வீட்டுப்பாடம். தினமும் சாயங்காலம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்க வேண்டுமாம். அதற்குமேல் வாயைத் திறக்கக் கூடாதாம். புத்திமதி கூடாது, பழமொழி கூடாது, "அந்தக் காலத்துல நாங்க" என்று தொடங்கவே கூடாது. மச்சான், என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? தாலி கட்டும்போதுகூட மேளக்காரருக்கு ஒரு யோசனை சொன்னவன் நான்.

இருந்தாலும் உட்கார்ந்தேன், கேட்டேன். "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். தொண்டை வரை வந்த பழமொழிகளை அப்படியே விழுங்கினேன். அவள் என்னைப் பார்க்க, நான் அவளைப் பார்க்க, அடுப்படியிலிருந்து உங்கள் தங்கை, "ஏனுங்க, என்ன சத்தத்தையே காணோம்?" என்றாள். வீட்டுப்பாடம் கெட்டுவிடக் கூடாதே என்று கையை ஆட்டி 'ஒன்றுமில்லை' என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. "அய்யோ சாமி! போன வருசம் கொரோனாவுலயும் இப்படித்தானே வாயடைச்சுப் போச்சு!" என்று ஒரு அலறல். பக்கத்து வீட்டுப் பெருமாயி திருநீற்றோடு ஓடி வந்தார். யாரோ மிளகுக் கஷாயத்தை வாயில் ஊற்றினார்கள், அதன்பிறகு நிஜமாகவே பேச முடியவில்லை. ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை விரலில் மாட்டினார்கள். ஒருத்தர் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார். சிக்னல் கிடைக்காததால் தப்பித்தேன். கஷாயத்தைத் துப்பிவிட்டு, "இது பள்ளிக்கூடத்துப் பாடம்டி!" என்று நான் கத்தியபோது, ராதிகா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது மனநலம் அமோகமாக விளைந்திருக்கிறது. முன்பு கேட் வரைக்குமாவது போனாள், இப்போது அந்த நடையும் மிச்சம். நான் மிளகுத் தோட்டத்துக்குப் போனால் பின்னாலேயே வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறாள். டீச்சரிடம் சொன்னால், "நல்லதுங்கண்ணா, உள்ள இருக்கறது வெளிய வருது" என்கிறார். வெளியே வந்தது கஷாயம் மட்டும்தான்.

ஆகவே தாய்மாமன் என்கிற உரிமையோடு இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். யாருடைய மனசையும் கேட்காத பள்ளிக்கூடம் திருப்பூரில் நிறைய இருக்கும். இல்லாவிட்டால் பிள்ளை படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோகும். ருக்குமணிக்கு இன்னும் சொல்லவில்லை. ராதிகா ரெண்டு நாள் அழுவாள், அப்புறம் மறந்துவிடுவாள். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

எட்டுக்கை அம்மன் உங்களையும் உங்கள் வீட்டம்மாவையும் ஏழு கையாலும் காக்கட்டும். ஒரு கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாறாத,
முருகானந்தம்.

பி.கு.: மேலே உள்ளதைக் கிழிக்க மனசு வரவில்லை, இவ்வளவு நீளமாக நான் எழுதியதே இதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடாதீர்கள். நேற்று எழுதி முடித்துத் தலையைத் தூக்கினால் ராதிகா எதிரில் நிற்கிறாள். "ஏப்பா பேச மாட்டேங்கிற?" என்றாள். "கடுதாசி எழுதறேன் கண்ணு" என்றேன். அவளை அனுப்பத்தான் எழுதினேன் என்ற கூச்சத்தில் வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. அவளாகவே சொன்னாள்: "உனக்குக் கொரோனா வந்தப்ப நான் கிழங்குக் காட்டுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள உன்னைய ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. நான் பள்ளிக்கூடம் போயிட்டு வாரதுக்குள்ள மறுபடியும் போயிட்டீன்னா?"

குண்டூர் நாடு முழுக்கப் புத்தி சொல்லும் நான், மச்சான், அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். பிறகு ரெண்டு பேருமாக ஒரு ஏற்பாடு செய்தோம். நம் தோட்டமும் பள்ளிக்கூடமும் ஒரே வேலிதானே? அவள் வகுப்பில் இருக்கும் வரைக்கும் அவளுக்குக் கேட்கும்படி நான் தோட்டத்தில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்குப் போனாள். கடைசி மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அம்சவேணி டீச்சர் வேலியோரம் வந்து, "உங்க சத்தத்துல ஒரு பாடமும் நடத்த முடியலீங்கண்ணா" என்றார். உடனே, "நிறுத்தீராதீங்க" என்றும் சொன்னார்.

அப்படியும் வருவதானால், பேச வாருங்கள். இன்றைக்கே மத்தியானத்துக்கு மேல் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.