இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் நடுவில் ஒரு பேத்தி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. என் முழங்கால் வலி பரவாயில்லை. உங்கள் அப்பாவின் முழங்காலும் நலமாகவே இருக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பாப்பா முதன்முதலாக நடந்த அன்று நானும் உங்கள் அப்பாவும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் கேமரா அவரையும் என் மகளின் போன் என்னையும் படம் பிடித்தன. நீங்கள் ஒருமுறை கைதட்டி, "இந்தச் சத்தம்தான் ரெண்டு வீடியோவுக்கும் பூஜ்யம், இங்கிருந்துதான் கணக்கு" என்றீர்கள். பாப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கை அவர் முழங்காலில், இன்னொன்று என் முழங்காலில். அத்தோடு விட்டிருக்கலாம். உங்கள் அப்பா விடவில்லை. உங்கள் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து இரண்டு வீடியோவையும் ஒவ்வொரு பிரேமாக, அதாவது ஒவ்வொரு படமாக, தட்டி எண்ணினார். அவருடைய முழங்கால் இருநூற்று ஐம்பதாவது பிரேம். என்னுடையது இருநூற்றுத் தொண்ணூற்று நான்காவது. "நாப்பத்திநாலு பிரேம் முன்னாடி, சம்பந்தி! குழந்தைக்குத் தெரியாதா யாரு யாருன்னு?" என்று என் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

நானும் கூடவே சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உங்கள் கேமரா நொடிக்கு இருபத்தைந்து படம் எடுக்கிறது, போன் முப்பது. நெட்டையனும் குட்டையனும் நடந்தால், அடிகளை எண்ணியா யார் முந்தினார் என்று சொல்வது? வீடியோவின் மூலையில் ஓடும் நேரக் கணக்கை, அந்த டைம்கோடைப் பார்த்தேன். அவருக்கு 10:00, எனக்கு 9:24. முக்கால் நொடி முந்திவிட்டேன் என்று தனி அறையில் எழுந்தே நின்றுவிட்டேன். பிறகு சந்தேகம் வந்து உட்கார்ந்தேன். கடைசி இரண்டு இலக்கம் நொடியின் நூறில் பங்கு இல்லையே, பிரேம் அல்லவா? முப்பதில் இருபத்துநாலு. ஆக மிச்சம் ஆறே பிரேம், ஐந்தில் ஒரு நொடி. இருந்தாலும் முன்னாடி முன்னாடிதானே? நாலு தடவை வகுத்துப் பாத்துட்டேன், மாப்பிள்ளை. தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. சரியா இருந்தா உங்க அப்பாகிட்ட, எல்லாரும் இருக்கும்போது, முக்கியமா உங்க மாமியார் இருக்கும்போது, மெதுவா சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

பாப்பாவுக்கு முத்தம், என் மகளுக்கு ஆசிகள். உங்கள் அப்பாவுக்கு, ஐந்தில் ஒரு நொடி தள்ளி, என் வணக்கம்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் முன் கணக்கைச் சரிபார்க்க, போனில் எடுத்ததை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். பாப்பா மூன்று முறை என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்திருக்கிறாள். நான் ஒரு பிரேமில்கூட அவளைப் பார்க்கவில்லை. ஆரம்பம் முதல் கடைசிவரை என் கண் பக்கவாட்டில், உங்கள் அப்பாவின் முழங்காலிலேயே இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். உங்கள் கேமராவில் அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று மட்டும், சிரமம் இல்லையென்றால், பார்த்து எழுதுங்கள்.