சங்கு ஊதிட்டாண்டோய்!

சினிமாப் பாட்டு ஒன்றில் என் குரல் இருக்கிறது. விருந்தாளி யாரிடமாவது நான் இதை ஆரம்பித்தால், என் மனைவி ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். ஆனால் கதவைச் சாத்த மாட்டாள். நான் எதையாவது மாற்றிச் சொல்கிறேனா என்று அங்கிருந்தே காது கொடுத்துக்கொண்டிருப்பாள். ஆகவே இந்தக் கதையில் சரடு விட எனக்கு வசதியில்லை.

எழுபதுகளின் கடைசி. எனக்கு வேலை திருவொற்றியூரில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில், வீடு ராயபுரம் கல்மண்டபத்தில். நடுவில் ஒரு பஸ். அந்த பஸ்ஸுக்கும் எனக்கும் என்ன பகையோ, காலைச் சங்கு ஊதி அடங்கிய பிறகுதான் நான் தினமும் கேட்டுக்குள் ஓடுவேன். (சைரன் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள். சங்குதான். அந்தச் சங்கைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு விரட்டுவார்கள், குழாயடிச் சண்டையைக்கூட ஒத்திவைப்பார்கள்.)

அந்தச் சங்கை ஊதுகிறவர் சவரிமுத்து. வாயால் இல்லை, நீராவிக் குழாயில் தொங்கும் சங்கிலியை இழுத்து. அவர் அதை வேலையாகச் செய்யவில்லை, பூசையாகச் செய்தார். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்வார். அவர் பெற்ற மகள்தான் ரோஸ்லின். எங்களுக்கு மாதா கோயில் பாடல் குழுவில் பழக்கம். (பழக்கம் என்றால், அவள் முதல் வரிசை, நான் கடைசி வரிசை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த என் தொண்டையை மாஸ்டர் அங்கேதான் நிறுத்தியிருந்தார்.)

என் அம்மா பெண் கேட்டுப் போனாள். சவரிமுத்து காபி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னாராம்: “உம் புள்ள நல்ல பையன்தான், இல்லேங்கல. ஆனா எஞ்சங்குக்கு ஒரு நாளாச்சும் மருவாதி குடுத்துக்கீறானா? சங்குக்கே மருவாதி குடுக்காதவன் எம்பொண்ணுக்கு இன்னாத்த குடுப்பான்?”

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எம்புள்ள சினிமாவுல பாடப் போறான், தெரியுமா?” என்று போட்டு உடைத்துவிட்டாள்.

“பாடட்டும். பிளேட்டு வரட்டும். கேட்டுட்டு சொல்றேன்” என்றார் அவர். (பிளேட்டு என்றால் இசைத்தட்டு.)

பாடப் போகிறேன் என்று நான் வீட்டில் அளந்தது உண்மையில் இதுதான்: என் தோஸ்து ஜான் ஓர் இசையமைப்பாளரிடம் கிட்டார் வாசித்தான். புதுப்படத்துக்கு டிஸ்கோ பாட்டு. வெளிநாட்டிலிருந்து சிந்தசைசர் என்று ஒரு பெட்டி வந்திருக்கிறதாம். அந்தப் பெட்டி ஒரு சத்தம் எழுப்பும், அது முடிந்ததும் ஒரு முரட்டுக் குரல் “ஹேய்… டக்கர் டோய்!” என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் என் பாட்டு. அந்த மூன்று சொல்லை நான் பதினைந்து நாள் சாதகம் செய்தேன். துறைமுகத்துச் சுவரோரம் நின்று கடலைப் பார்த்து டக்கர் டோய் என்பேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் பாவம் பார்த்தார்கள்.

ரெக்கார்டிங் அன்று பயத்தில் காலை இட்லி இறங்கவில்லை. அம்மா டிபன் கேரியரில் மீன்குழம்பும் சோறும் கட்டிக் கொடுத்திருந்தாள். அதை ஸ்டுடியோவுக்குள்ளேயே கொண்டுபோய் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சிந்தசைசரைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆர்மோனியத்துக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி, உடம்பெல்லாம் குமிழும் ஒயருமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குமிழைத் திருகத் திருக, அது பூனை மாதிரி கத்தியது, தவளை மாதிரி கத்தியது. ஒத்திகை முழுக்கத் தவளைதான். தவளைக்கு அடுத்து நான் டக்கர் டோய். பிசகே இல்லை. இசையமைப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைக் காட்டினார். ரோஸ்லினைக் கைப்பிடித்தாயிற்று என்றே நினைத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து. டேக் போகிற நேரத்தில் இசையமைப்பாளருக்கு ஒரு யோசனை உதித்தது. “தவளை வேண்டாம். கீழேயிருந்து மெதுவா ஏறி, மேல போய் நின்னு, அப்புறம் இறங்கட்டும்” என்றார். பெட்டிக்காரர் ஒரு குமிழைத் திருகித் தலையாட்டினார். எனக்கு எதுவும் புரியவில்லை. பசி வேறு காதை அடைத்திருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. பாடகர் முதல் சரணத்தை முடித்தார். பெட்டி ஆரம்பித்தது.

“ஊ…ஊஊ…ஊஊஊஊவ்…”

சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்கள் ஆலைச் சங்கு. அடிவயிற்றிலிருந்து எழும்பி, உச்சிக்குப் போய், ஒரு நிமிஷம் ஊரையே நிறுத்திவிட்டு இறங்குகிற அதே சவரிமுத்து சங்கு. அதுவும் மத்தியானச் சங்கு. அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் வயிறுதான் பொறுப்பு. தினமும் எங்கள் பட்டறையில் எந்தக் குரலில் கத்துவேனோ அதே குரலில், மைக்கில் வாயை வைத்து,

“சங்கு ஊதிட்டாண்டோய்!”

என்று கூவிவிட்டுக் குனிந்து கேரியரைத் தூக்கிவிட்டேன். மேல்தட்டு நழுவி ‘ணங்’ என்று விழுந்தது. (தாளத்தில் சரியாக விழுந்தது. வேண்டுமென்று போட்டிருந்தால் விழுந்திருக்காது.) ஜான் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். பாடகர் அனுபவஸ்தர், ஒரு கண்ணால் என்னைச் சுட்டுக்கொண்டே இரண்டாவது சரணத்தைப் பாடி முடித்தார்.

விளக்கு அணைந்ததும் தயாரிப்பாளர் உள்ளே ஓடிவந்தார். கோயமுத்தூர்க்காரர், பூசை போட்டுவிட்டு வந்த குங்குமம் நெற்றியில் காயவில்லை. “ஏனுங்க, மொதப் பாட்டுலயே சங்கா? படம் வெளங்குமுங்களா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பேட்டையில் சங்கு என்றால் சோறு. கோடம்பாக்கத்தில் சங்கு என்றால் பாடை.

“இன்னாடா மாமு இப்டி பேஜார் பண்ட்டே?” என்றான் ஜான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டக்கர் டோய் போனால் போகட்டும், பிளேட்டு போனால் ரோஸ்லின் அல்லவா போய்விடுவாள்!

மறுபடி டேக். ஆனால் பெட்டி சூடேறி, சுதி வழுக்க ஆரம்பித்திருந்தது. பாடகர் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். அதற்கடுத்த டேக்கில் கரகரவென்று இருமிவிட்டு அடியோடு வாயை மூடிக்கொண்டது. பாடகருக்கு பம்பாய் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. உருப்படியாக முடிந்தது என் சங்கு டேக் ஒன்றுதான்.

இசையமைப்பாளர் தயாரிப்பாளரின் தோளில் கைபோட்டார். “அது சங்கு இல்லீங்க சார். ‘ஜங்கு ஜூட்டி டோய்.’ ஃபாரின்ல இப்ப இதான் ஓடுது.”

“அப்படீங்களா? அந்த ‘ணங்’கு?”

“அதுவும் ஃபாரின்தான்.”

பிளேட்டு வந்தது. கையில் வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். காலையிலேயே கிளம்பி, ஆலை கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் கொடுத்துப் போடச் சொன்னேன். திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரை அந்தக் கடைக்காரர் இன்னும் அவிழ்க்கவில்லை. அதன் வாய் ஆலையைப் பார்த்து இருந்ததை நான் கவனிக்கவில்லை. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

“ஊ…ஊஊ…ஊஊஊஊவ்… சங்கு ஊதிட்டாண்டோய்! ணங்!”

முதலில் நாலு பேர் வந்தார்கள். பிறகு கேட்டே கொள்ளாமல் வந்தார்கள். கையில் கேரியர், தோளில் துண்டு. சிலர் கை கழுவியே விட்டார்கள். கடைசியாக வந்தவர் சவரிமுத்து. வலது கையைத் தூக்கித் தூக்கித் தானே பார்த்துக்கொண்டு வந்தார். “நான் இன்னும் கையே வெக்கலடா! எவன்டா ஊதினது? மேனேஜரு என்னப் புட்ச்சி லோலாயி பண்றாருடா!”

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ரோஸ்லின் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கினாள். என் கல்யாணம் என் கண்ணெதிரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

“பிளேட்டுண்ணே… நீங்க கேக்கணும்னு சொன்னீங்களே…” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“போடு” என்றார்.

கடைக்காரர் போட்டார். சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். சங்கு ஏறியது, நின்றது, இறங்கியது. நான் கூவினேன். கேரியர் விழுந்தது.

“இன்னொரு தபா போடு.”

மூன்றாவது தடவை முடிந்தபோது அவர் மீசை நடுங்கியது. அடிக்கப் போகிறார் என்று நான் பின்வாங்கினேன். அவர் என்னை இழுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“எஞ்சங்குடா இது! மெய்யாலுமே எஞ்சங்கு! சினிமாவுல கீதுடா! மேனேஜரே, வந்து கேளுய்யா!”

“இல்லண்ணே, அது ஒரு மிஷின்…” என்று ஆரம்பித்தேன். ரோஸ்லின் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் பாதத்தை ஒரு மிதி மிதித்தாள். “கம்முனு இருய்யா” என்றாள் பல்லைக் கடித்தபடி. இருந்தேன். இன்றுவரை இருக்கிறேன்.

சங்குக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த பையனுக்குப் பெண் கொடுக்காமல் இருப்பாரா? அடுத்த மாசமே நிச்சயம். படம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. தயாரிப்பாளர் பயந்தது நடந்தேவிட்டது. என் மாமனார் மட்டும் கடைசிவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மாப்ள எங்க பாடினாரு? பாடினது எஞ்சங்கு. இவுரு பக்கத்துல நின்னு கூவினாரு, அவ்ளோதான்.”

போன மாதம் என் பேரன் அந்தப் பாட்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்து என் செல்போனில் மணியாக வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், சாமியார் நோன்பின் மகிமையைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது அடித்தது. போனை அணைக்கத் தெரியாமல் நான் தடவிக்கொண்டிருந்தேன். சங்கு ஏறி, நின்று, இறங்கியது. முன்வரிசையிலும் பின்வரிசையிலுமாக ஆலையில் ஓய்வு பெற்ற கிழவர்கள் ஐந்தாறு பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

ரோஸ்லின் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

“இப்பவாச்சும் அந்த டக்கர் டோய சொல்லித் தொலையேன்யா.”